கடல் கொண்டது துறைமுகத்தை; குடிகளை அன்று

கம்பம்மெட்டின் உச்சியில் நின்று கிழக்கே நோக்குவார்க்குக் கம்பம் பள்ளத்தாக்கு பச்சைப் பாய் விரித்தாற்போலத் தோன்றும். தென்னந்தோப்பும் திராட்சைக் கொடியும் நெல்வயலும் நிறைந்த அந்நிலத்தின் பசுமை எங்கிருந்து வந்தது என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். நம் மலையில் பிறந்து மேற்குக் கடலை நோக்கி ஓடிய பெரியாற்றைப் பென்னிகுக் என்னும் பொறியாளர் அணையிட்டு மறித்தார். மலையைக் குடைந்து அதன் நீரைக் கிழக்கே திருப்பினார். அப்பெரும்பணி 1895-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அன்று முதல் நம் மலைநீர் சுருளியாற்றோடு கூடி, வையையில் கலந்து, மதுரை மாநகரைக் கடந்து, இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயை நோக்கிச் செல்கின்றது. அதற்கும் அப்பால் இருப்பது கடல். அக்கடலில் மிதப்பது போலக் கிடப்பது பாம்பன் தீவு. அதாவது இராமேசுவரத் தீவு.

பெரியாற்றைத் திருப்பும் எண்ணம் முதன்முதல் எவர் உள்ளத்தில் தோன்றியது? பென்னிகுக் பிறப்பதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்னே, 1789-ஆம் ஆண்டில், இராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானியாகிய முத்திருளப்பப் பிள்ளை ஆட்களை இம்மலைக்கு அனுப்பி ஆராய்ந்தார் என்பது அணையின் வரலாற்றிலே பதிவான செய்தி. பொருள் போதாமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஆயினும், வறண்ட கடற்கரைச் சீமையின் அமைச்சர் ஒருவர் நம் மலையின் நீரைக் கனவு கண்டார் என்பது நினைந்து மகிழத்தக்கது. அச்சேதுபதிகளே இராமேசுவரத் தீவுக்கும் தலைவர்கள். மலைக்கும் தீவுக்கும் உறவு இல்லை என்று இனி யாரே சொல்ல வல்லார்?

ஆண்டு விழா மலரில், ஏலத்தோட்டத்து மக்கள் படிக்கும் ஏட்டில், கடல் நடுவே கிடக்கும் ஒரு மணல் திட்டின் வரலாற்றை எழுதுவானேன் என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நீரின் உறவு ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதனைக் கட்டுரையின் இறுதியில் அன்பர்களே உணர்வார்கள்.

வில்லின் நுனி

இராமேசுவரத் தீவு கிழக்கே போகப் போக ஒடுங்கி, ஒரு நீண்ட மணல் நாக்காக நீண்டு, கடலுக்குள் முடிகின்றது. இராமேசுவரம் நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த அம்முனைக்குத் தனுஷ்கோடி என்று பெயர். தனுசு என்பது வில். கோடி என்பது நுனி. இராமபிரான் தன் வில்லின் நுனியால் சேதுவைக் கீறிய இடம் என்பது மக்கள் நம்பிக்கை. காசிக்குச் சென்றவர் சேதுவில் நீராடினாலன்றி யாத்திரை நிறைவுறாது என்ற வழக்கால், வடநாட்டாரும் தென்னாட்டாரும் நெடுங்காலமாக அங்கு வந்து நீராடினர். சேதுபதி என்ற பட்டமே சேதுவுக்குக் காவலர் என்னும் பொருளுடையது. யாத்திரிகர்க்குத் துணை நிற்பது அவர்தம் குலக்கடனாக இருந்தது. முகுந்தராயர் சத்திரம் என்று இன்றும் வழங்கும் ஊர்ப்பெயர், அவ்வழியில் நடந்தவர்க்குச் சோறும் நிழலும் அளித்த அறத்தை நினைவூட்டுகின்றது.

அம்முனையின் இருபுறமும் கடல். தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே பாக்கு நீரிணை. முன்னது அலையெறிந்து ஆர்ப்பரிப்பது. பின்னது குளம்போல் அமைந்து கிடப்பது. ஆதலால் அங்குள்ள மீனவர் ஒன்றை ஆண் கடல் என்றும், மற்றொன்றைப் பெண் கடல் என்றும் அழைப்பர். நூலறிவு இல்லாதவர் என்று நாம் நினைக்கும் மக்கள், இரண்டு கடல்களின் இயல்பை இரண்டு சொற்களில் அடக்கிவிட்டனர்.

யாத்திரிகர் வந்தனர், நீராடினர், சென்றனர். செல்லாமல் அங்கேயே இருந்தவர் மீனவர். அரசர் பெயர் கல்வெட்டில் உண்டு. சத்திரம் கட்டியவர் பெயர் ஊர்ப்பெயரில் உண்டு. மீனவர் பெயரோ அவர் மக்களின் நாவில் மட்டுமே இருந்தது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமே அவர்களுடைய ஏடு.

துறைமுகம் தோன்றியது

1897-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள், மேனாட்டில் புகழ் நாட்டித் திரும்பிய சுவாமி விவேகானந்தர் இலங்கையிலிருந்து படகேறி வந்து பாம்பன் கரையில் இறங்கினார். பாஸ்கர சேதுபதி அவரை எதிர்கொண்டு வணங்கினார். அக்காலத்தில் தீவை நிலத்தோடு இணைக்கும் பாலம் இல்லை. பதினேழு ஆண்டுகள் கழித்து, 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பெற்றது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கடலின்மீது நீண்ட அப்பாலம், நடுவே கப்பல் செல்லும்போது இரண்டு கைகளையும் தூக்கி வழிவிட்டு, பின்பு கைகூப்பினாற்போல் மூடிக்கொள்ளும். பார்த்தவர் வியந்தனர், பாராதவர் கதையாகக் கேட்டனர்.

அப்பாலத்தால் தனுஷ்கோடியின் நிலை மாறிற்று. சென்னை எழும்பூரிலிருந்து புறப்படும் 'போட் மெயில்' நேரே தனுஷ்கோடித் துறைக்கு வந்தது. பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்தது. தலைப்பாதை தனுஷ்கோடிக்குச் சென்றது. இராமேசுவரத்துக்குச் சென்றதோ கிளைப்பாதை. கோயில் நகரம் கிளையாயிற்று. மீனவர் குப்பம் தலையாயிற்று. புகைவண்டியில் இறங்கியவர் துறைமேடையில் நடந்து நீராவிக் கப்பலில் ஏறுவர். இர்வின், கோஷன் முதலிய கப்பல்கள் கடலைக் கடந்து தலைமன்னாரில் அவர்களை இறக்கும். அங்கு மற்றொரு புகைவண்டி கொழும்புக்குக் காத்து நிற்கும். சென்னையில் வாங்கிய ஒரே சீட்டில் கொழும்பு வரை செல்லலாம் என்பது அந்நாளில் பெரிய புதுமை.

ஊரும் வளர்ந்தது. நிலையம், சுங்கச்சாவடி, தபால் தந்தி நிலையம், மருத்துவமனை, பள்ளி, மாதா கோயில், தண்ணீர்த் தொட்டி, இருப்புப்பாதை ஊழியர் வீடுகள் எல்லாம் மணல்மேல் எழுந்தன. துறையில் மூட்டை தூக்குவோரும், கடை வைத்தோரும், சோறு விற்போரும் வந்து சேர்ந்தனர். மீனவர் பிடித்த மீன் புகைவண்டி ஏறி நாட்டுக்குள் சென்றது. ஐம்பது ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன.

ஒரு வீட்டார் வரலாறு

அவ்வைம்பது ஆண்டுகளின் வரலாற்றை இரண்டு வகையாக எழுதலாம். பாலத்தின் நீளம், கப்பலின் பெயர், வருமானத்தின் தொகை என்று எழுதுவது ஒரு வகை. ஒரு வீட்டின் முற்றத்தில் நின்று எழுதுவது மற்றொரு வகை. இரண்டாம் வகைக்கு நல்ல சான்று ஒன்று நம் கையில் உண்டு.

இந்நாட்டின் குடியரசுத் தலைவராக 2002 முதல் 2007 வரை வீற்றிருந்த டாக்டர் அப்துல் கலாம் 1931-ஆம் ஆண்டில் இராமேசுவரத்தில் பிறந்தவர். அவர்தம் தந்தையார் ஜைனுலாப்தீன் மரத்தால் ஒரு படகு கட்டி, இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகரை ஏற்றிச் சென்று வந்தார். பின்னர் ஒரு புயலில் அப்படகு அழிந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இராமேசுவரத்தில் வண்டி நிற்பது நிறுத்தப்பட்டது. ஓடும் வண்டியிலிருந்தே செய்தித்தாள் கட்டுகள் வீசி எறியப்பட்டன. அவற்றைப் பொறுக்கி எடுத்து வீடுதோறும் வழங்கிய உறவினர்க்குச் சிறுவன் கலாம் துணை நின்றான். தன் வாழ்வின் முதற்கூலியைப் பெற்றான். இவற்றையெல்லாம் அப்பெருமகனாரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்தார்.

இச்செய்திகளை எந்த அலுவலகப் பதிவேடு நமக்குக் கூறும்? இசுலாமியர் ஒருவர் கட்டிய படகு இந்து யாத்திரிகரைச் சேதுவுக்குச் சுமந்து சென்றது என்ற அருமையை எந்தப் புள்ளிக்கணக்கு காட்டும்? ஒரு மகன் தன் தந்தையின் தொழிலை நினைவிற்கொண்டு எழுதியமையால் அத்தீவின் வாழ்வு நமக்குத் தெரிந்தது. எழுதாத வீடுகளில் எத்தனை படகுகள் கட்டப்பட்டனவோ, எத்தனை புயலில் சென்றனவோ, யார் அறிவார்?

கங்காணி பின் சென்றவர்கள்

தனுஷ்கோடித் துறையில் கால்வைத்தவருள் யாத்திரிகரும் வணிகரும் மட்டும் இலர். கங்காணியின் பின்னே, தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக நடந்த ஏழைத் தமிழரும் இருந்தனர். இலங்கையின் மலைத்தோட்டங்களுக்கு முதலில் காப்பி பயிரிடவும், பின்னர்த் தேயிலை பறிக்கவும் சென்ற மக்கள் அவர்கள். தீவை அடையுமுன் மண்டபம் முகாமில் அவர்கள் தங்கவைக்கப்பட்டனர். நோய் உண்டா இல்லையா எனச் சோதிக்கப்பட்ட பின்னரே கப்பலேற விடப்பட்டனர். கங்காணி என்ற சொல் நம் மலைக்கும் புதியதன்று. மூணாற்றுத் தேயிலை மலைக்கு நம் முன்னோரை அழைத்து வந்தவரும் கங்காணியரே. ஒரே ஊரில் பிறந்த உடன்பிறந்தாருள் ஒருவர் மேற்கே மலையேற, மற்றொருவர் கிழக்கே கடல் கடந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் பல உண்டு.

கடல் கடந்தவர்க்கு நேர்ந்தது என்ன? 1948-ஆம் ஆண்டில் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே இயற்றப்பெற்ற குடியுரிமைச் சட்டம், அந்நாட்டிலேயே பிறந்தவரையும் நோக்கி, "உன் தந்தை இங்குப் பிறந்தவரா? அன்றி உன் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவரா? எழுத்தில் காட்டு" என்று கேட்டது. தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்கு எழுத்து ஏது? பிறந்த நாளை மழையையும் பூப்பையும் வைத்துச் சொன்ன மக்கள் அவர்கள். நாட்டுக்கு உழைத்த கை சாட்சியாகவில்லை. ஒரு துண்டுக் காகிதமே சாட்சியாயிற்று. குடும்ப வரலாறு என்பது ஓய்ந்த பொழுதில் கிழவர் சொல்லும் கதை என்று எண்ணியிருந்தோம். அது இல்லாமையால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆயினர்.

பின்னர், 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியாரும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை அளிப்பது என்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்றும் பங்கிட்டனர். அவர்கள் திரும்பி வரத்தக்க வழி எது? முன்னோர் சென்ற தனுஷ்கோடித் துறைதான். அத்துறைக்கோ அன்றிலிருந்து ஐம்பத்து மூன்று நாளே ஆயுள் எஞ்சியிருந்தது.

அந்த இரவு

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு. அந்தமான் கடற்பக்கம் தோன்றி, இலங்கையைக் கடந்து வந்த கொடும்புயல் பாம்பன் தீவைத் தாக்கியது. பெண் கடல், ஆண் கடல் என்ற வேறுபாடு அன்று இல்லை. இரண்டும் ஒன்றாகி ஊர்மேல் ஏறின. பாம்பனிலிருந்து நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்ட 653-ஆம் எண் பயணி வண்டி தனுஷ்கோடி நிலையத்தை அணுகும் வேளையில் அலையில் அகப்பட்டது. வண்டியில் சீட்டு வாங்கியிருந்தவரும் ஊழியருமாக ஏறத்தாழ 115 பேர். சீட்டு இன்றி ஏறியவர் எத்துணையர் என்பது கணக்கில் அடங்காது. ஒருவரும் உய்ந்திலர். விடிந்தபோது நிலையமும், துறையும், தபால் நிலையமும், பள்ளியும், மாதா கோயிலும் கூரையிழந்து நின்றன. பாம்பன் பாலத்தின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோயிற்று; கப்பலுக்கு வழிவிடும் நடுக்கண் மட்டும் அசையாது நின்றது.

நாட்டிலுள்ளார்க்கு இச்செய்தி எவ்வாறு நினைவிலிருக்கிறது? திரைப்பட நடிகர் ஜெமினி கணேசனும் நடிகையர் திலகம் சாவித்திரியும் அந்நாளில் இராமேசுவரத்தில் இருந்து உயிர் பிழைத்தனர் என்பது பலர்க்கு நினைவிருக்கின்றது. மூழ்கிய வண்டி நினைவிருக்கின்றது. புயலால் மாண்டவர் 1,800 பேர் என்ற தொகையும் நூல்களில் காணப்படுகின்றது. அத்தொகைக்குள் அடங்கிய மீனவக் குடிகளின் பெயர்கள் எங்கே? வண்டியில் ஏறினவனுக்குச் சீட்டு உண்டு. ஆதலால் கணக்கு உண்டு. குடிசையில் உறங்கியவனுக்குச் சீட்டு இல்லை.

பாலத்தைச் செப்பனிடும் பொறுப்பு ஓர் இளம் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆறு திங்கள் ஆகும் என்று மதிப்பிட்டிருந்த வேலையை அவர் 46 நாளில் முடித்தார். அவர்தான் பாலக்காட்டு மாவட்டத்தில் கருகபுத்தூரில் பிறந்த ஈ. ஸ்ரீதரன், பிற்காலத்தில் கொங்கண் இருப்புப்பாதையையும் தில்லி மெட்ரோவையும் அமைத்துப் புகழ் பெற்றவர். தமிழ்நாட்டுத் தீவின் முறிந்த கையை ஒட்டவைத்தவர் நாம் வாழும் கேரள மண்ணின் மைந்தர் என்பதை இவ்விழா மலரில் நன்றியோடு குறிப்போமாக. மொழி வேறாயினும் உதவி வேறன்று.

அழியாத ஊர்

பாலம் மீண்டது, தனுஷ்கோடிக்குச் சென்ற இருப்புப்பாதை மீளவில்லை. மனிதர் வாழத் தகாத இடம் என்று அரசினர் அவ்வூரை அறிவித்தனர். கப்பல் இராமேசுவரத்துக்கு மாற்றப்பட்டது. அலுவலர் வேறிடம் சென்றனர். வணிகர் வேறூர் தேடினர். அன்று முதல் தனுஷ்கோடிக்கு 'அழிந்த நகரம்', 'பேய் நகரம்' என்ற பெயர்கள் வழங்கலாயின. இடிந்த மாதா கோயிலைக் காண வருவோர் இன்றும் அப்பெயர்களையே சொல்லிச் செல்கின்றனர்.

அழிந்தது எது? சற்றே நின்று எண்ணுவோம். அழிந்தது 1914-இல் தோன்றி 1964-இல் மறைந்த ஐம்பது ஆண்டுத் துறைமுகம். அதற்கு முன்னே அங்கிருந்த மீனவர் அதற்குப் பின்னும் அங்கு வந்தனர். கடல் உறவினரைக் கொண்டுபோன கரையிலேயே பனையோலையால் மீண்டும் குடிசை கட்டினர். அறியாமையால் வந்தனர் என்று சிலர் சொல்லுவர். அன்று. வேறிடத்துக் கடல் வேறொருவருடையது. தம் கடலின் நீரோட்டமும் மணலும் மீனும் தமக்குத்தான் தெரியும் என்பதால் வந்தனர். உழவனுக்கு வயல் எப்படியோ, அவர்க்கு அக்கரை அப்படி.

அவர்களுடைய வாழ்வைச் சிறிது காண்போம். இரண்டு உப்புக் கடல்களுக்கு நடுவே மணலைச் சில அடி தோண்டினால் நன்னீர் ஊறும். அவ்வூற்றே அவர்களுடைய குடிநீர். பெண்கள் அதனைச் சிரட்டையால் முகந்து குடம் நிரப்புவர். காற்றுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்பன. எக்காற்று எத்திங்களில் வீசும், எக்கடல் கொந்தளிக்கும், எக்கடல் அடங்கும் என்பதை நோக்கி வடகரைக்கும் தென்கரைக்கும் மாறிமாறித் தொழில் செய்வர். ஒரு கடல் சினந்தால் மற்றொரு கடல் சோறிடும்.

கரைவலை இழுப்பது அவர்தம் கூட்டுத்தொழில். வள்ளத்தில் வலையை ஏற்றிச் சென்று, கடலில் பிறைபோல வளைத்து விட்டு, இரு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று பலர் சேர்ந்து இழுப்பர். களைப்புத் தீர அம்பாப் பாட்டுப் பாடுவர். ஒருவர் முதலடி எடுக்க, மற்றவர் வாங்கிப் பாட, பாட்டின் அசைவுக்கேற்பக் கயிறு கரையேறும். கிடைத்த மீன் வலைக்கு இவ்வளவு, வள்ளத்துக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்காகும். விற்றது போக எஞ்சியது உப்பிட்டுக் கருவாடாகும். தீவின் பெண்கள் கழுத்தளவு நீரில் இறங்கிக் கடற்பாசி பறிப்பர். நம் பெண்கள் ஏலச்செடியின் அடியில் குனிந்து காயெடுப்பதும், அவர்கள் பாறையிடுக்கில் மூழ்கிப் பாசியெடுப்பதும் ஒரே உழைப்பின் இரு வடிவங்கள்.

வாழத் தகாத இடம் என்று எழுதப்பட்ட ஊருக்கு மின்கம்பி எளிதில் வருமா? பாதை வருமா? நெடுங்காலம் வரவில்லை. மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய கருப்பிணியும் மணலிலும் நீரிலும் தடுமாறியே செல்லவேண்டியிருந்தது. இல்லை என்று ஏட்டில் எழுதிவிட்டால், இருக்கும் மக்களும் இல்லாதவர் ஆகிவிடுகின்றனர். இதுவே அத்தீவகத்தார் வரலாறு நமக்குக் கற்பிக்கும் கசப்பான பாடம்.

2017-ஆம் ஆண்டில் தேசிய நெடுஞ்சாலை முனையின் கடைசி வரை போடப்பட்டது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் பழைய பாலத்துக்கு அருகே புதிய இருப்புப்பாதைப் பாலமும் திறக்கப்பெற்றது. நாள்தோறும் உந்துவண்டிகளில் மக்கள் வந்து குவிகின்றனர். இடிந்த சுவரைப் படம் பிடிக்கின்றனர். அச்சுவரின் பக்கத்தில் சங்கும் சிப்பியும் விற்பவள் யார், அவள் பாட்டி அவ்விரவில் எங்கிருந்தாள் என்று கேட்பவர் சிலரே.

கரை சேர்ந்தவர்கள்

துறை அழிந்தபின்னும் கடல் வழி மூடவில்லை. உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மக்கள், தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். முன்னோர் சோதிக்கப்பட்ட அதே மண்டபம் முகாமில் பேரப்பிள்ளைகள் மீண்டும் தங்கினர். அங்கிருந்து கூடலூர் தேயிலைத் தோட்டங்களுக்கும், கேரளத்தில் புனலூர் இரப்பர்த் தோட்டங்களுக்கும், வேறு பல இடங்களுக்கும் சென்றனர். 'தாயகம் திரும்பியோர்' என்று அவர்களைக் குறித்தனர். பிறந்து வளர்ந்த மலையை விட்டு, ஒருநாளும் காணாத ஊருக்கு வந்தவரைத் திரும்பியோர் என்பது சொல்லின் விந்தை.

1983-ஆம் ஆண்டு இலங்கையில் இனக்கலவரம் மூண்டபின், ஈழத்தமிழர் இரவோடிரவாகப் படகேறித் தனுஷ்கோடி மணலில் வந்து இறங்கினர். கரைக்கு எட்டாத மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டு, பசியோடும் குழந்தையோடும் தவித்தவர் பலர். அவர்களைக் கண்டு வள்ளம் செலுத்திக் கரைசேர்த்தவருள் தீவின் மீனவர் உண்டு. பேய்கள் வாழும் ஊர் என்று உலகம் பேசிய ஊரில், அகதிக்கு முதல் வாய்த் தண்ணீர் கிடைத்தது. தமக்கே பதிவில்லாத மக்கள், நாடிழந்து வந்தவரை ஊரும் பேரும் கேளாமல் ஏற்றனர். இதனினும் உயர்ந்த குடிப்பெருமை யாது?

நம் மலையும் ஒரு தீவே

அன்பர்களே! இனி முதலில் சொன்ன காரணத்துக்கு வருகின்றேன்.

நீர் சூழ்ந்தது மட்டும் தீவன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தின் பகுதிகளாக நின்றன. 1972-ஆம் ஆண்டில் இடுக்கி மாவட்டம் உருவாயிற்று. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்னும் மூன்று வாயில்கள் வழியே ஏறி வந்த தமிழ்க் குடும்பங்கள், மலையாள மொழிக் கடலின் நடுவே தமிழ்த் தீவுகளாக வாழ்கின்றன. சுற்றியுள்ள கடல் பகையன்று, சோறிடும் கடலே. ஆயினும் தீவில் வாழ்வார் தம்மைத் தாமே எழுதி வைக்கவேண்டும். பிறர் எழுதுவார் என்று இருத்தல் ஆகாது.

நம் மலையின் வரலாறு என்று இன்று கிடைப்பது யாது? பூனையாற்று அரசரிடமிருந்து நிலம் பெற்ற துரைமார் வரலாறு, தோட்டத்தை வாங்கியவர், விற்றவர் வரலாறு, அணையின் வரலாறு. அவையெல்லாம் பாலத்தையும் கப்பலையும் போன்றவை, வேண்டியவையே. ஆனால், கம்பத்துக் கணவாயில் காலால் ஏறி வந்தவர் யார்? எவ்வாண்டில் வந்தார்? எக்காட்டில் முதல் ஏலச்செடியின் களை பறித்தார்? காய்ச்சலில் மாண்ட முதல் குழந்தையை எங்கே புதைத்தார்? இவற்றுக்கு விடை நம் பாட்டிமார் நெஞ்சில் மட்டுமே உள்ளது. அவர்களோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். புயல் ஓரிரவில் செய்ததைக் காலம் ஓசையின்றிச் செய்கின்றது.

ஆதலால், இவ்வாண்டு விழாவில் நம் சங்கத்தார் ஓர் எளிய பணியை மேற்கொள்ள வேண்டுமென்று விண்ணப்பிக்கின்றேன். காலனியிலுள்ள ஒவ்வொரு வீட்டாரும் ஒரு குறிப்பேடு வாங்குக. தந்தை வழியில் மூன்று தலைமுறையும், தாய் வழியில் மூன்று தலைமுறையும் பெயர் எழுதுக. பெண்களின் பெயரை விடாது எழுதுக. பிறந்த ஊர், மலையேறிய ஆண்டு, ஏறிய வழி, முதலில் வேலை செய்த தோட்டம், வாழ்ந்த லயம், படித்த பள்ளி ஆகியவற்றைக் குறிக்க. கடல் கடந்தவர் எவரேனும் குடும்பத்தில் இருப்பின், அவர் கப்பலேறிய துறையையும் மீண்ட நாளையும் தனியே எழுதுக. பழைய குடும்ப அட்டை, சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்று, கடிதம், புகைப்படம் எதனையும் பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது குப்பையில் எறியாதீர்கள். ஒரு துண்டுக் காகிதம் இல்லாமையால் நாடிழந்த நம் இனத்தாரை நினைமின். இளைஞர் எழுதுக, முதியோர் சொல்லுக. எழுதத் தெரியாத வீட்டாருக்குச் சங்கத்து மாணவர் சென்று எழுதிக் கொடுக்க. ஈராண்டில் இக்குறிப்பேடுகள் ஒன்று சேர்ந்தால், கம்பம்மெட்டுத் தமிழ்க் குடிகளின் வரலாறு என்று ஒரு நூல் நம் கையில் இருக்கும்.

தனுஷ்கோடி மீனவன் கரைவலையைத் தனியே இழுப்பதில்லை. கயிற்றின் ஒரு முனையை ஒரு கூட்டமும், மறுமுனையை மற்றொரு கூட்டமும் பற்றினால்தான் வலை கரையேறும். குடும்ப வரலாறும் அத்தகையதே. ஒரு முனை முதியோர் கையில். மறுமுனை இளையோர் கையில். முதியோர் கை தளருமுன் இளையோர் கயிற்றைப் பற்றுக.

நம் மலைநீர் சென்று சேரும் கடலோரத்தில், கடல் கொண்டபின்னும் குடிசை கட்டிய அக்குடிகள் வாழ்க! அவர்தம் பெயர்களும் ஏட்டில் ஏறுக! நம் பெயர்களும் அவ்வாறே நிலைபெறுக! வாழ்க தமிழ்!